ஆடி முடியட்டும்

உப்பளம் மைதானத்தில் இப்போது ரப்பர் தரை போட்டிருக்கிறார்கள். காலையில் அதன் ஓரமாக நடக்கிற கூட்டத்தில் பாதிப்பேர் நம் வயதுக்காரர்கள்தான். முட்டி தேய்ந்தவர்கள், சர்க்கரைக்காரர்கள், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு அதைப் பற்றியே பேசுகிறவர்கள். கொஞ்சம் உள்ளே கால் வைத்துவிட்டால் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் ‘ஆன்ட்டி, ட்ராக்!’ என்று கத்துகிறார்கள். கத்தட்டும். செம்மண்ணையும் கரித்தூளையும் கலந்து போட்டு, சுண்ணாம்பில் கோடு இழுத்திருந்த பழைய தரை உங்களில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். காற்றடித்தால் அந்தச் சுண்ணாம்பு கண்ணில் விழுந்து எரியும். அந்தக் கோடுகளுக்கு நடுவில் என் அத்தை ஓடியதைப் பார்த்தவர்கள் இன்னும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறீர்களோ தெரியாது. பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தலைமுறை இடைவெளி. அத்தை நடக்கப் பழகுவதற்குள் அவளைப் பெற்ற ஆயா போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்கு மருமகளாக வந்த என் அம்மாதான் அத்தைக்குத் தலை வாரி, பேன் பார்த்து, சோறு பிசைந்து ஊட்டி வளர்த்தாள். அத்தை அவளை ‘அண்ணி’ என்று கூப்பிடுவாளே தவிர, காய்ச்சல் வந்தால் அந்த அண்ணியின் மடியில்தான் தலை வைப்பாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு என் அம்மாவை ராட்சசி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு நாடு இருந்தது. தாத்தா சொல்தா, பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துச் சிப்பாயாகச் சைகோன் வரைக்கும் போய்த் தொடையில் குண்டு வாங்கிக்கொண்டு திரும்பியவர். பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போனபோது, எங்கள் குடியுரிமை வேண்டுமா, இந்தியக் குடியுரிமை வேண்டுமா என்று கேட்டானில்லையா, தாத்தா பிரெஞ்சு என்று கையெழுத்துப் போட்டார். கைக்குழந்தையாக இருந்த அத்தையும் அவரோடு பிரெஞ்சுக்காரி ஆகிவிட்டாள். அப்பா அப்போதே பெரியவர், பொதுப்பணித் துறையில் குமாஸ்தா. வேலை போய்விடுமே என்று இந்தியனாகவே இருந்துகொண்டார். அதனால் அம்மா, நான் எல்லோரும் இந்தியர்கள். பிரெஞ்சுக்காரனின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி தாத்தா மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரை அணிவகுப்புக்குக் கிளம்புவார். ஆகஸ்டு பதினைந்தாம் தேதி அப்பா ஆபீசில் கொடுத்த ஆரஞ்சு மிட்டாயைச் சட்டைப் பையில் கொண்டுவருவார். நடுவில் நான் இரண்டு பக்கத்துத் தின்பண்டத்தையும் தின்றுகொண்டிருந்தேன்.

பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண் என்றால் நம் ஊரில் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். நகை கேட்க மாட்டார்கள், நிறம் பார்க்க மாட்டார்கள். அவளைக் கட்டுகிறவனுக்கு விசா, அங்கே போனால் வேலை, அவன் குடும்பத்துக்கே விடிவு. அத்தைக்குத் தாவணி போட்ட வருஷமே தரகர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரையும் அம்மா காபி கொடுத்து அனுப்பிவிடுவாள். அவள் மனதில் ஆள் தயாராக இருந்தது. அரியாங்குப்பத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்த அவளுடைய தம்பி, என் மாமா.

மாமா என்றால் எனக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப் பாலம் தாண்டி சைக்கிளில் வருவார், ஹேண்டில்பாரில் ஒரு பையில் கொடுவாமீனோ கிளிமூக்கு மாங்காயோ தொங்கும். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அத்தை மைதானத்திலிருந்து வந்ததும், ‘இன்னா, இன்னைக்கி எவ்ளோ?’ என்று கேட்பார். அவள் நேரத்தைச் சொன்னால் ஏதோ புரிந்துவிட்டமாதிரி தலையை ஆட்டுவார்.

அத்தை ஓட ஆரம்பித்தது பள்ளிக்கூடத்தில். அங்கே இருந்த பி.டி. டீச்சர், மெல்லிசாக, விசில் மாட்டிய கழுத்தோடு இருப்பார், அவர்தான் அத்தையைப் பிடித்துப்போட்டார். கல்லூரிக்குப் போன பிறகும் விடவில்லை. அத்தைக்கு ஸ்பைக்ஸ் ஷூவும் டீச்சர் கொடுத்ததுதான், அவர் ஓடிய காலத்தது. பழந்தோல், முனை ஒடுக்கம். உள்ளே வியர்வையும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு வாடை. அத்தை அதை ராத்திரி பழைய பேப்பரைத் திணித்து ஜன்னலில் வைப்பாள். விரல்களை ஒன்றோடொன்று நெருக்கித்தான் அதில் காலை நுழைக்க முடியும். ‘கடிக்குதா?’ என்று கேட்டால், ‘கடிச்சாத்தான் ஓடும்’ என்பாள்.

அந்த வருஷம் மாசி மகத்துக்கு அடுத்த வாரம் மைதானத்தில் பெரிய போட்டி. அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்திருந்தார். அப்போது துப்பாக்கி எல்லாம் இல்லை. இரண்டு மரப்பலகையை ஒரு கீலில் மாட்டி வைத்திருப்பார்கள், அதைப் படாரென்று அடித்தால் ஓட வேண்டும். ஓடுகிறவர்கள் கால் வைத்து எம்புவதற்குச் சின்னக் கரண்டியால் மண்ணில் அவரவர் குழி தோண்டிக்கொள்வார்கள். முடிவுக் கோட்டில் இரண்டு பேர் சிவப்பு உல்லன் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பலகைச் சத்தம் கேட்டது. நான் அத்தை எந்தக் கோட்டில் இருக்கிறாள் என்று தேடுவதற்குள் நூல் அவள் நெஞ்சில் இருந்தது. அவளுக்குப் பின்னால் ரொம்ப தூரத்தில்தான் மற்ற பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

கூட்டம் கத்தவில்லை. அதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏதோ தப்பு நடந்துவிட்டமாதிரி எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். கடிகாரம் பிடித்தவர்கள் மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். பழைய ரெக்கார்டு போய்விட்டது, போனதும் கொஞ்சநஞ்சமாகப் போகவில்லை. பெரியவர் ஒருவருக்குச் சந்தேகம்: தரை குட்டையாக இருக்குமோ? டேப் கொண்டுவரச் சொல்லி, அந்த வெயிலில் முதலிலிருந்து கடைசிவரை அளந்தார்கள். அளந்து முடிகிறவரை அத்தை துண்டைப் போர்த்திக்கொண்டு திருட்டுக் கேசில் மாட்டினவள்போல ஓரமாக நின்றாள். கடைசியில், தூரம் நூறு மீட்டருக்கு ஒரு சாண் அதிகமாகவே இருந்தது. அப்புறம்தான் கைதட்டினார்கள்.

மெட்ராசில் நடந்த போட்டியிலும் அத்தை ஜெயித்தாள். பேப்பரில் படம் வந்தது, முகம் மட்டும் மை அப்பிப்போய். தாத்தா அந்தப் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒயின் கடை வரைக்கும் போய் எல்லோருக்கும் காட்டினார். அடுத்த வாரம் டீச்சர் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டுப் போட்டிக்கு இந்திய அணி எடுக்கிறார்கள், வடக்கே காம்ப், அத்தைக்கு அழைப்பு வந்திருக்கிறது. அம்மா சர்க்கரை டப்பாவைத் திறந்து எல்லோர் வாயிலும் போட்டாள்.

டீச்சர் சர்க்கரையை விழுங்கிவிட்டு, ‘பாஸ்போர்ட் எடுக்கணும் அய்யா’ என்றார்.

‘அதெல்லாம் எப்பவோ ரெடி’ என்று தாத்தா பெட்டியைத் திறந்து அத்தையின் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். கருநீல அட்டை. டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது அந்த வயதிலும் எனக்குப் புரிந்தது.

‘இது பிரெஞ்சுப் பாஸ்போர்ட் அய்யா. இந்தியாவுக்கு ஓடணும்னா இந்தியப் பாஸ்போர்ட் வேணும். இத விட்டுக்குடுத்தாத்தான் அது கெடைக்கும்.’

‘விட்டுக்குடுக்கறதா?’ என்றார் தாத்தா.

‘குடுத்துட்றேன்’ என்றாள் அத்தை. யோசிக்கவே இல்லை, வாயில் சர்க்கரையோடு சொன்னாள்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை சித்திரை முழுக்க நடந்தது. தாத்தா தொடையில் குண்டு பாய்ந்த வடுவைக் காட்டிக் காட்டிக் கத்தினார். ‘இதுக்கு ரத்தம் குடுத்திருக்கேன். நீ ஓடறதுக்கு இத விட்றுவியா?’  அப்பா எப்போது ஏதாவது சொல்ல வந்தாலும் தாத்தா, ‘நீ பேசாத, நீ இண்டியன்’ என்று அடக்கிவிடுவார். அம்மா கத்தவில்லை. அத்தைக்குத் தட்டில் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். ‘எந்தம்பி வாழ்க்கடி அது’ என்று ஒருநாள் சொன்னாள். கத்தியிருந்தால் அத்தை எதிர்த்திருப்பாள். அந்த அழுகையை அவளால் எதிர்க்க முடியவில்லை.

அப்போதுதான் தாத்தா அந்த யோசனையைக் கண்டுபிடித்தார். இந்தியாவுக்கு எதற்கு ஓட வேண்டும்? பிரான்சுக்கே ஓடட்டுமே! கல்யாணம் முடித்துக்கொண்டு அங்கே போகட்டும். பிரெஞ்சுக் குடிமகள், வேகமாக ஓடுகிறாள், தலைமேல் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்களா? பாரீசுக்குப் பக்கத்தில் குடியேறிய அவருடைய பட்டாளத்து நண்பர் ஒருவர், தன் வீட்டுக்கு எதிரில் பெரிய மைதானம் இருப்பதாக எப்போதோ எழுதியிருந்தார். தாத்தாவிடம் இருந்த ஆதாரம் அவ்வளவுதான்.

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. யாரும் தோற்கவில்லை, யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. டீச்சர் மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்:

‘அய்யா, இங்க ஓடின டைம அங்க யாரும் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. மொதல்லருந்து ஆரம்பிக்கணும். ஓட்றதுக்கு வயசு இதான்யா, இத வுட்டா வராது.’

‘உனுக்குப் பிரான்சு தெரியாதும்மா’ என்றார் தாத்தா.

தாத்தாவுக்கும் தெரியாது. இதை நான் அவர் செத்து வெகுகாலம் கழித்துத்தான் யோசித்தேன். அவர் பார்த்த பிரான்சு ஒரு துறைமுகம், ஒரு பாரக்ஸ், ஒரு ராணுவ ஆஸ்பத்திரி. அங்கிருந்து கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தன்னை வரிசையில் நிறுத்தி எண்ணிய தேசம், தன் மகளை மாலை போட்டுக் கூப்பிடும் என்று அவர் முழு மனதோடு நம்பினார். நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு நம்பிக்கை வந்திருக்காது.

அத்தை ஒத்துக்கொண்டதற்குத் தாத்தா மட்டும் காரணமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அவளைப் பார்த்து, என் எதிரிலேயே சொன்னார்: ‘நீ ஓடு. நான் வேலைக்கும் போறேன், சோறும் ஆக்கறேன். எனக்கு மீன் கொழம்பு வரும்.’ அத்தை சிரித்துவிட்டாள். மாமா பொய் சொல்லவில்லை, இதை இன்றைக்கும் சொல்வேன். காம்புக்கு வேறு பெண் போனாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது. கான்சலேட்டில் பதிவு செய்தார்கள், விசாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அம்மா தானே பத்தர் கடைக்குப் போய் அத்தைக்கு வெள்ளி மெட்டி வாங்கிவந்தாள், கனமானதாக, மூன்று சுற்று உள்ளதாக. தம்பி பொண்டாட்டிக்கு லேசாகப் போட்டால் அவளுக்குக் கௌரவக் குறைச்சல்.

அரியாங்குப்பத்து வீட்டில் அத்தையால் ஓட முடியவில்லை. புது மருமகள் தெருவில் எப்படி ஓடுவாள்? ஆடி பிறந்தது. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள், புருஷன் பக்கத்தில் வரக்கூடாது. அப்பா போய்ச் சீர்வைத்து அழைத்து வந்தார். அத்தை வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜன்னலுக்குப் போய் ஷூவை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மறுநாள் விடியற்காலையிலேயே மைதானத்தில் இருந்தாள். செப்டம்பரில் பிரெஞ்சு கிளப்புகளில் ஆள் எடுப்பார்கள் என்று டீச்சர் யாரிடமோ விசாரித்துச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று சொன்னவர்தான், ஆனாலும் தினமும் விசிலோடு வந்து நின்றார். அதற்குள் பழைய வேகம் வர வேண்டும். அவளுக்கு அந்த ஒரு மாதம்தான் இருந்தது.

நானும் கூடப் போவேன். ஆடிக் காற்று செம்மண்ணை வாரி அடிக்கும். துறைமுகப் பக்கமிருந்து உப்பும் கருவாடும் கலந்த வாடை வரும். பஞ்சாலைச் சங்கு ஊதினால் வீட்டுக்குத் திரும்பும் நேரம். முதல் நாள் முடிந்து ஷூவைக் கழற்றியபோதே அத்தையின் வலது கால் இரண்டாம் விரலில் ரத்தம் கட்டியிருந்தது. விரல் நுழையவே இடமில்லாத ஷூவில் மெட்டியும் சேர்ந்து நுழைந்தால் என்ன ஆகும்?

‘அண்ணி, ஓட்றப்ப மட்டும் கழட்டி வெச்சிட்டுப் போறேனே’ என்றாள்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். மெட்டியைக் கழற்றுவது எப்போது என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். புருஷன் செத்தால் கழற்றுவார்கள். அதுவும் அம்மாவின் தம்பி, இரண்டு குடும்பத்திலும் முதல் ஆளாக ஆகாயத்தில் பறக்கப்போகிறான். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற நேர்ந்துகொண்டு, விமானச் சத்தம் கேட்டாலே தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள் அவள்.

‘கழட்றதுன்னா மொதல்ல புதுசு போட்டுட்டுத்தான் பழச எடுக்கணும். ஆடியில புது மெட்டி போடக்கூடாது. ஆடி முடியட்டும். ஆவணி பொறந்ததும் சின்னதா, பூ மாதிரி ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு இத எடுத்துரலாம். அதுவரைக்கும் துணி சுத்திக்க.’

அத்தை துணி சுற்றிக்கொண்டாள். துணி சுற்றியதும் ஷூ இன்னும் இறுகியது.

அடுத்த ஞாயிறு, வரக்கூடாத மாமா வந்துவிட்டார். அம்மா அவரை வாசற்படி ஏற விடவில்லை. அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். நான் ஓடிப்போய், ‘மாமா, அத்தைக்கு மெட்டி கடிக்குது’ என்று சொன்னேன்.

‘கழட்டச் சொல்லுக்கா. எனக்கு ஒண்ணும் ஆவாது’ என்றார் மாமா.

‘வாயக் கழுவு!’ அம்மா அவர் வாயிலேயே ஓர் அடி போட்டாள், பெரிய ஆம்பிளையை, நடுத்தெருவில். ‘நீ போடா. உன்ன யாரு ஆடியில இங்க வரச் சொன்னது?’ மாமா உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். அத்தை கூடத்தில்தான் இருந்தாள், எழுந்து வரவில்லை. அவர் கொண்டுவந்த பையை என் கையில் கொடுத்துவிட்டுப் பாலத்துப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

நடுவில் ஒருநாள் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாசியில் அவள் போட்ட ரெக்கார்டைவிடக் குறைவு! பயிற்சியில் ஓடியது எந்தக் கணக்கிலும் சேராது, ஆனால் அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்கு வருகிற வழியில் அத்தை எனக்குச் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். அவள் நொண்டிக்கொண்டே நடந்தாள். முகத்தில் சிரிப்பு போகவே இல்லை.

அப்புறம் விரல் வீங்கியது. மெட்டி சதைக்குள் புதைந்து, வெள்ளி ஒரு கோடு மாதிரிதான் தெரிந்தது. அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டாள். வெந்நீரில் உப்புப் போட்டு அந்தக் காலைத் தன் மடியில் வைத்து ஒற்றி எடுத்தாள். அத்தை வலியில் பல்லைக் கடித்தால் அம்மாவும் சேர்ந்து அழுவாள். விரலின் நுனி நாவல்பழ நிறத்துக்கு வந்தது. ஒரு வாடை வீசியது, நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அப்பா மட்டும் ஒருநாள், ‘பத்தரக் கூப்புட்டு வெட்டி எடுத்துரலாமே’ என்றார். அவர் குரல் கேட்டே நாளாகியிருந்தது.

‘இன்னும் ஒரு வாரந்தான். ஆடி முடியட்டும்’ என்றாள் அம்மா.

‘மெதுசேன் அங்க இருக்கான், எல்லாம் பாத்துப்பான்’ என்றார் தாத்தா. மெதுசேன் என்றால் பிரெஞ்சு டாக்டர்.

அத்தை ஏன் தானே கழற்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என் மகளும் கேட்டாள். கழற்றியிருக்கலாம், முதல் வாரத்தில் கொஞ்சம் சோப்பு போட்டால் வந்திருக்கும். ஆனால் தன்னை மடியில் போட்டு வளர்த்தவள் அப்படி அழும்போது, அவள் தம்பிக்குச் சாவை வேண்டுகிற காரியமாக அது ஆகிவிட்டபோது, யாரால் கழற்ற முடியும்? ஓடுவதற்காகக் கருநீலப் பாஸ்போர்ட்டை விடத் துணிந்தவளுக்கு அந்த வெள்ளி வளையத்தை விட முடியவில்லை.

ஆடி முடிய இரண்டு மூன்று நாள்தான் பாக்கி. அன்றைக்கு அத்தைக்குக் காய்ச்சல். அப்படியும் மைதானத்துக்குப் போனாள். குழியில் காலை வைத்து, கையை ஊன்றிக் குனிந்தாள். டீச்சர் விசிலை வாயில் வைத்தார். அத்தை எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். டீச்சர் ஓடிவந்து ஷூவை இழுத்துக் கழற்றினார், துணியைப் பிரித்தார். பிரித்ததும் அவர் வாயிலிருந்து வந்தது வார்த்தை இல்லை. ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு நர்ஸ் கம்பி வெட்டுகிறமாதிரி ஒன்றைக் கொண்டுவந்து மெட்டியை வெட்டினாள். வெட்டும் சத்தம் சின்னதுதான்.

நான் ஓடிப்போய் வீட்டில் சொன்னேன். ‘மெட்டிய வெட்டிட்டாங்களா?’ என்று கேட்டாள் அம்மா. ‘ஆடியிலயா வெட்டிட்டாங்க?’ மெட்டிக்குப் பதிலாக மஞ்சள் கிழங்கை நூலில் கட்டி எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மயக்கத்தில் கிடந்த அத்தையின் இன்னொரு காலில் அதைக் கட்டிவிட்ட பிறகுதான் டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கினாள். விரல் செத்துப்போயிருந்தது. விஷம் உள்ளே ஏறியிருந்ததால் பெருவிரலையும் சேர்த்து எடுத்தார்கள்.

நான்காம் நாள் என்று நினைக்கிறேன், டீச்சர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். அத்தை தலையணையில் சாய்ந்திருந்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்க்காமல் டீச்சரையே பார்த்தாள்.

‘டீச்சர், இது பின்னாடி வெக்கிற காலு. எடத்த மாத்தி, இத முன்னாடி வெச்சி ஸ்டார்ட் எடுத்தா ஆவாதா?’

‘ஆவும்’ என்றார் டீச்சர். ‘ஏன் ஆவாது?’ பாட்டிலை ஸ்டூலில் வைத்தார். வெளியே வந்து, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். நான் அதற்கப்புறம் அவரை எங்கள் வீட்டில் பார்க்கவில்லை.

விசா ஆவணியில் வந்தது. விமானம் ஏற்றிவிட ஒரு வேன் நிறைய மீனம்பாக்கம் போனோம். தாத்தா மெடல் குத்தியிருந்தார். பிரான்சில் ரப்பர் விரல் வைத்துத் தைப்பார்கள், அடுத்த வருஷம் பார் என்று வேனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். அத்தை கண்ணாடி ஜன்னலில் நெற்றியை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மாமாவுக்குக் கோட்டு பெரிதாக இருந்தது. அவர் ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று, அத்தை வந்து சேர்ந்ததும் மறுபடி நடந்தார். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை நிற்கவில்லை.

அங்கே மாமாவுக்குக் கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அத்தை ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவினாள், பிள்ளைகளைப் பெற்றாள், எங்களுக்குச் சாக்லேட்டும் சென்ட்டும் அனுப்பினாள். மீன்குழம்பு மாமாதான் வைத்தார், சொன்ன சொல் தவறவில்லை. தாத்தா கடைசிவரை ஜூலை பதினாலுக்கு அணிவகுப்பில் போனார். அத்தையின் ரெக்கார்டு ரொம்ப காலம் நின்றது. சில வருஷத்துக்கு முன்னால் கருவடிக்குப்பத்துப் பெண் ஒருத்தி அதை முறியடித்தாள். பேப்பரில் அவள் படம் கலரில் வந்தது, பழைய சாதனையை முறியடித்தார் என்று மட்டும் போட்டிருந்தது. யாருடைய சாதனை என்று போடவில்லை.

போன டிசம்பரில் அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். மாமா அரியாங்குப்பத்துக்குப் பழைய சிநேகிதர்களைப் பார்க்கப் போயிருந்தார். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கட்டிலோடு சரி. அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கு இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். அத்தை காலில் தடித்த அடி வைத்த ஷூ, வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

‘அம்மா, அன்னைக்கி அந்த மெட்டிய எடுத்திருக்கலாம் இல்ல?’

அம்மா மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். கொஞ்சமும் கலங்கவில்லை.

‘எடுத்திருந்தா? எந்தம்பி எழுவது தாண்டிட்டான். சக்கர உண்டா, பிரசர் உண்டா? அவன்கூடப் போனவனுங்க பாதிப்பேரு அந்தக் குளிர்ல போய்ச் சேந்துட்டானுங்க. இவன் மட்டும் கல்லுக்குண்டாட்டம் இருக்கான். இன்னாத்தால இருக்கான்னு நெனக்கிற?’

 மாமா செத்திருந்தால்தான் இவளுக்குப் பதில் சொல்ல முடியும் என்று தோன்றியது, தோன்றியதும் பயந்துபோனேன். அத்தையைப் பார்த்தேன். அவளாவது ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லட்டும், இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரே ஒரு வார்த்தை.

அத்தை அம்மாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

‘ஆமா அண்ணி, நல்லாத்தான் இருக்காரு’ என்றாள். ‘ரிட்டையர் ஆனதுலருந்து தெனம் காலையில பார்க்குல ஓடுறாரு. டாக்டர் சொன்னாராம், ஒடம்புக்கு ஓட்டம் நல்லதுன்னு. நான் அவரு கோட்ட வாங்கி மடியில வெச்சிக்கினு பெஞ்சுல ஒக்காந்துனு இருப்பேன்.’

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

‘கேட்டியா?’ என்றாள்.